ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் அவர் விட்டுச்சென்ற நாடாக்களும்

2010-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ‘வாலீஸ் ஆப் நெப்டியூன்’ என்னும் பெயரோடு ஓர் இசைத்தட்டுத் தொகுதி வெளிவந்தது. அதில் 12 பாட்டுகள் அடங்கியிருந்தன. அவற்றிற் பெரும்பாலன 1969-ஆம் ஆண்டிற் பதிவு செய்யப்பட்டவை. அவற்றைப் பாடிக் கித்தார் வாசித்தவரோ 1970-ஆம் ஆண்டிலேயே உலகவாழ்வை நீத்தவர். அவ்வாறிருந்தும் அத்தொகுதி வெளிவந்த வாரத்திலேயே அந்நாட்டு விற்பனை வரிசையில் நான்காவது இடத்தைப் பெற்றது. இறந்து நாற்பதாண்டு நிறையுந் தறுவாயில் ஒருவர் புதிய பாடகர்களோடு போட்டியிட்டு நிற்றல் எளிதிற் காணக்கூடிய காட்சியன்று. இத்துணைப் பெருமை வாய்ந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்பாருடைய சரித்திரத்தையும், அவருடைய முற்றுப்பெறாத பதிவுகள் பிறர் கையிற்பட்ட வரலாற்றையும் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அவர் 1942-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27-ந் தேதி, பசிபிக் கடலோரத்தில் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரத்திற் பிறந்தார். நீக்ரோ வகுப்பினர் என அக்காலத்து அழைக்கப்பெற்ற கறுப்பின மக்களுள் ஒரு வறிய குடும்பம் அவருடையது. பிறந்தபோது தகப்பனார் ஆல் ஹெண்ட்ரிக்ஸ் பட்டாளத்திற் சேர்ந்து தூரதேசத்து முகாமில் இருந்தார். மகன் பிறந்த செய்தி கேட்டும் அவருக்கு விடுமுறை கிடைத்திலது. தாயார் லூசில் மிக இளவயதினர். குழந்தைக்கு முதலில் இடப்பட்ட பெயர் ஜானி ஆலன் என்பது. போர் முடிந்து திரும்பிய தகப்பனார் 1946-இல் அப்பெயரை மாற்றி ஜேம்ஸ் மார்ஷல் எனச் சூட்டினார். பெற்றோர் 1951-இல் மணவிலக்குப் பெற்றனர். தாயார் 1958-இல் காலமானார். பிள்ளைகள் அவருடைய அடக்கத்திற்கும் அழைத்துச் செல்லப்பட்டிலர்.

பள்ளியிற் பயிலும் நாளில் அவர் ஒரு துடைப்பத்தைக் கித்தார்போற் கையிலேந்தி வாசிப்பதாகப் பாவனை செய்து திரிவார். தகப்பனார் வீடுகளிற் குப்பை அகற்றுங் கூலிவேலை செய்தபொழுது உடன்சென்ற மகனுக்கு ஒற்றைத் தந்தி மட்டும் எஞ்சிய யூகலேலி ஒன்று கிடைத்தது. அவ்வொற்றைத் தந்தியிலேயே தாம் கேட்ட மெட்டுகளையெல்லாம் தேடித் தேடி வாசித்தார். பின்னர் 5 டாலர் விலையுள்ள பழைய மரக்கித்தார் ஒன்றும், 1959-இல் தகப்பனார் வாங்கிக் கொடுத்த மின்கித்தார் ஒன்றும் வாய்த்தன. அவர் இடக்கையர். வலக்கையர்க்கென்று செய்த வாத்தியத்தைத் தலைகீழாகத் திருப்பித் தந்திகளை மாற்றிக் கட்டி வாசிக்கும் வழக்கத்தை இறுதிவரை விட்டிலர்.

1961-இல் களவுபோன மோட்டார் வண்டிகளிற் சென்றாரென்று இருமுறை பிடிபட்டுச் சிறையா பட்டாளமா என்ற நிலை நேர, பட்டாளத்தைத் தெரிந்துகொண்டார். விமானத்தினின்று குடைபிடித்துக் குதிக்கும் படைப்பகுதியிற் பயிற்சி பெற்றார். கணுக்கால் முறிந்து விடுதலை பெற்றதாகப் பிற்காலத்துச் சொல்லிக்கொண்டார். பட்டாளப் பதிவுகளோ அவர் படைத்தொழிலுக்குத் தகுதியற்றவர் என்று கண்டு 1962-இல் அனுப்பிவிட்டதாகக் கூறுகின்றன. அங்கே அவருக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் பில்லி காக்ஸ் என்னும் நண்பர். பாஸ் என்னும் மந்தரஸ்தாயிக் கித்தார் வாசிப்பவராகிய காக்ஸ் மீண்டும் நம் சரித்திரத்துள் வருவார்.

அதன்பின் நான்காண்டு காலம் அவர் பக்கவாத்தியக்காரராய்த் தென்மாகாணங்களில் ஊரூராய் அலைந்தார். புளூஸ் என்னும் பாட்டுவகை அம்மாகாணங்களின் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களிடையே தோன்றியது. பன்னிரண்டு தாளக்கட்டில் ஓரடியை இருமுறை பாடி மூன்றாமடியால் விடையிறுப்பது அதன் பெருவழக்கான அமைப்பு. பாடகர் குரல் நிறுத்தும் இடத்தில் கித்தார் பேசும். ஹெண்ட்ரிக்ஸ் அப்பேச்சை ஏட்டிற் கற்றவரல்லர். மேடையின் பின்வரிசையில் நின்று கற்றவர். ஐஸ்லி சகோதரர், லிட்டில் ரிச்சர்ட் முதலிய பிரபல பாடகர்களிடம் வேலை பார்த்தார். தலைவரினும் பக்கவாத்தியக்காரர் சபையோர் கண்ணைக் கவர்தல் எத்தேசத்தும் விரும்பப்படுவதன்று. ஆதலின் எவரிடத்தும் அவர் நெடுநாள் நிலைத்திலர்.

1965-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி நியூயார்க்கில் அவர் எட் சால்பின் என்னும் ஒலிப்பதிவு வியாபாரியிடம் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டார். அதற்கு அவர் பெற்ற தொகை ஒரே டாலர். விற்பனையில் நூற்றுக்கு ஒரு பங்கு உரிமைப்பணம். மூன்றாண்டு காலத்திற்கு அவருடைய வாசிப்பு முழுதும் அவ்வியாபாரிக்கே உரியதென்று அத்தாளில் எழுதியிருந்தது. கையில் காசில்லாத இளைஞர் அதனைக் கூர்ந்து படித்திரார் என்பதில் வியப்பில்லை. தம் ஒலி தமக்கே உரியதாதல் வேண்டுமென்று அவர் வாழ்நாளிற் போராடிய போராட்டத்திற்கு வித்து இதுவே.

1966-இல் அவர் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு காப்பிக்கடையில் வாசித்துக்கொண்டிருந்தார். அனிமல்ஸ் என்னும் ஆங்கிலக் குழுவிற் பாஸ் வாசித்த சாஸ் சாண்ட்லர் அங்கு வந்து கேட்டார். கேட்டமாத்திரத்தில் இவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லத் துணிந்தார். செப்டம்பர் 24-ந் தேதி ஹெண்ட்ரிக்ஸ் இலண்டனில் இறங்கினார். நோயல் ரெடிங் பாஸ் வாசிக்கவும், மிச் மிச்செல் டிரம் முழக்கவும் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்னும் மூவர் குழு அமைந்தது. ரெடிங் உண்மையிற் கித்தார்க்காரர். இவர் பொருட்டே பாஸ் கையிலெடுத்தவர். பணமுடையால் சாண்ட்லர் தம்முடைய வாத்தியங்களை விற்றுப் பதிவுச்செலவு செய்தார். முதல் தட்டு அவ்வாண்டு டிசம்பரிலும், முதல் தொகுதி 1967 மே மாதத்திலும் வெளிவந்தன. அடுத்த மாதம் கலிபோர்னியாவில் மாண்டெரே நகரத்து விழாவில் வாசிப்பின் முடிவிற் கித்தாரைத் தீயிட்டுக் கொளுத்தினார். ஜனங்கள் அத்தீயையே நெடுங்காலம் பேசினர். வாசிப்பைப் பேசியிருத்தல் தகுதி என்பது எம் கருத்து.

அவ்வாசிப்பின் புதுமை யாதெனில், குற்றமென்று கருதப்பட்டதை அவர் குணமாக்கினார். கித்தாரின் தந்தி அதிர்வை ஒலிபெருக்கி பெருக்கி வெளியிடுகின்றது. வாத்தியத்தை அப்பெட்டிக்கு அருகிற் கொண்டுசென்றால் வெளிவந்த ஒலியே மீண்டும் தந்தியை அதிரச் செய்து ஓயாத ஊளையொலியை எழுப்பும். பிறர் அதனைக் கேட்டு விலகிச் செல்வர். ஹெண்ட்ரிக்ஸோ தம் உடலைத் திருப்பியும், தந்தியை விரலால் வளைத்தும் அவ்வூளையை விரும்பிய சுருதியில் நிறுத்திக் குரல்போல் நீளச்செய்தார். புளூஸ் பாட்டின் அழுகை அதனால் அழியவில்லை, பெரிதாயிற்று.

இலண்டன் ஒலிம்பிக் ஒலிப்பதிவுச் சாலையில் எட்டி கிரேமர் என்னும் தென்னாப்பிரிக்க இளைஞர் பொறியாளராயிருந்தார். அங்கிருந்த காந்தநாடாவின் அகலம் நான்கு தடங்களாகப் பகுக்கப்பட்டது. ஒரு தடத்தில் டிரம், ஒன்றில் பாஸ், ஒன்றில் கித்தார், ஒன்றிற் குரல் என்று தனித்தனியே பதியலாம். ஒன்றை அழித்து வேறொன்றை அவ்விடத்திற் பதிதலும் கூடும். சில ஆண்டுகளில் நான்கு தடம் பதினாறாகப் பெருகிற்று. தனித்தனியே பிரிக்கத்தக்கதாதலால் பின்வருவோர் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றொருவரை நீக்குதலும் எளிதாயிற்று. இவ்வுண்மையை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஹெண்ட்ரிக்ஸ் தம் வாசிப்பில் எளிதில் திருப்தியடைபவரல்லர். 1968-இல் மூன்றாந் தொகுதியாகிய ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ பதிவாகும்போது ஒரு பாட்டை 40 தடவைக்கு மேலும் வாசித்துப் பார்த்தார். சாலைக்குள் நண்பரும் அந்நியருமாகக் கூட்டம் நிரம்பியிருந்தது. குறித்த காலத்திற் குறைந்த செலவில் வேலை முடிக்கும் வழக்கமுடைய சாண்ட்லர் பொறுமையிழந்து விலகினார். இரவுதோறும் வந்தவரோடெல்லாம் கூடி வாசித்தலும், நாடாவை ஓடவிட்டு அனைத்தையும் பதிந்து வைத்தலும் ஹெண்ட்ரிக்ஸுக்கு வழக்கமாயின. பாட்டின் கருவும், பாதியில் நின்ற பாட்டும், ஒரே பாட்டின் பற்பல வடிவங்களும் இவ்வாறு சுருள் சுருளாகச் சேர்ந்தன.

இதனிடையே பழைய ஒப்பந்தம் தலைதூக்கிற்று. அவர் கர்ட்டிஸ் நைட் என்பார்க்குப் பக்கவாத்தியம் வாசித்த பதிவுகள், அவருடைய கீர்த்தி பரவியபின், அவரே தலைவர் என்று தோன்றுமாறு அவர் படத்தோடு 1967 டிசம்பரில் விற்பனைக்கு வந்தன. வழக்கு நடந்தது. முடிவில் ஒரு புதிய தொகுதியின் உரிமையை எதிர்க்கட்சியாருக்கு உதவிய கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பில்லி காக்ஸும் பட்டி மைல்ஸும் உடன் வாசிக்க, 1969 டிசம்பர் 31, 1970 ஜனவரி 1 ஆகிய இருநாளும் நியூயார்க்கில் நிகழ்த்திய கச்சேரிகளினின்று எடுத்த ‘பேண்ட் ஆப் ஜிப்சீஸ்’ என்னும் தொகுதியே அது. ஒரு டாலர் பெற்றதற்கு அவர் கொடுத்த விலை அவ்வளவு.

எக்ஸ்பீரியன்ஸ் குழு 1969 ஜூன் 29-ந் தேதி டென்வர் நகரத்துக் கச்சேரியோடு கலைந்தது. ஆகஸ்டு 18-ந் தேதி காலையில் உட்ஸ்டாக் விழாவில், பெருங்கூட்டம் பெரும்பாலும் கலைந்துபோன வயல்வெளியில் நின்று, தம் தேசிய கீதத்தைக் கித்தாரில் வாசித்தார். அதனிடையே குண்டுவீச்சும் ஓலமும் கேட்பதுபோலிருந்தது. வியட்நாமிற் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

பிறர் சாலைகளுக்குக் கொடுக்கும் வாடகை மிகுந்தமையால், கிரீனிச் வில்லேஜில் தமக்கென ஓர் ஒலிப்பதிவுச் சாலை கட்டுவித்தார். நிலத்தடியில் ஓடிய பழைய நீரோடையொன்று கட்டடத்துள் ஊற்றெடுத்து வேலையைத் தாமதப்படுத்திற்று. செலவு பத்து இலட்சம் டாலரளவு ஆயிற்று. 1970 கோடைமுழுதும் கிரேமர், மிச்செல், காக்ஸ் ஆகியோருடன் அங்கே உழைத்தார். இரட்டைத் தொகுதியாக வெளியிடக் கருதிய பாட்டுகளின் பெயர்களைத் தம் கைப்பட எழுதி வைத்தார். ஆகஸ்டு 26-ந் தேதி திறப்புவிழா நிகழ்ந்தது. உடனே ஐரோப்பியக் கச்சேரிகளுக்குப் புறப்பட்டார். செப்டம்பர் 18-ந் தேதி இலண்டனில், தூக்க மருந்து மிகுதியாக உட்கொண்டு, வாந்தி மூச்சுக்குழலில் அடைக்க இறந்தார். மரணவிசாரணை செய்த அதிகாரி காரணநோக்கம் துணியப்படவில்லை என்று தீர்ப்பளித்தார். வயது 27. தாமே கட்டிய சாலையிலே அவர் மீண்டும் கால் வைத்திலர். உடல் சியாட்டிலுக்கு அடுத்த ரெண்டன் ஊரில் அடக்கம் செய்யப்பெற்றது.

அவர் மரணசாசனம் எழுதியிருந்திலர். உயிரோடிருந்தபோது முடித்து வெளியிட்டவை, பழம்பாட்டுத் திரட்டு நீங்கலாக, நான்கே தொகுதிகள், எஞ்சியதெல்லாம் நாடா. கிரேமரும் மிச்செலும் முதலிற் கிடைத்தவற்றுட் சிறந்தவற்றை ஒழுங்குசெய்து 1971 மார்ச்சில் ‘தி கிரை ஆப் லவ்’ என்னுந் தொகுதியை வெளியிட்டனர். அவ்விருவரும் உடனிருந்து அவர் கருத்தறிந்தவர்கள். அத்தொகுதியைப் பழிப்பார் இலர். 1973-இல் அவருடைய மானேஜர் மைக்கேல் ஜெப்ரி பிரான்சு தேசத்தின்மேல் நேர்ந்த விமான மோதலில் மடிந்தார். பின்னர் நாடாக்கள் ஆலன் டக்ளஸ் என்னும் தயாரிப்பாளர் வசமாயின.

டக்ளஸ் செய்தது யாது? 1975-இல் வெளியிட்ட ‘கிராஷ் லாண்டிங்’ என்னுந் தொகுதியில், ஹெண்ட்ரிக்ஸின் குரலையும் கித்தாரையும் வைத்துக்கொண்டு, உடன் வாசித்தோரின் டிரம், பாஸ் முதலியவற்றைப் பெரும்பாலும் நீக்கி, அவரை நேரிற் கண்டறியாத கூலிவாத்தியக்காரரை அமர்த்திப் புதிதாகப் பதிந்தார். சில பாட்டுகளுக்குத் தம்மையும் ஆக்கியோரென்று குறித்துக்கொண்டார். ஏட்டுச்சுவடியிற் செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டு விட்டுவிடும் பதிப்பாசிரியரும் உளர்; தம் சொல்லால் நிரப்பி மூலமென்று அச்சிடுவோரும் உளர். டக்ளஸ் பின்னவர் வகையைச் சேர்ந்தவர். ஆயினும் அத்தொகுதி அமெரிக்க விற்பனையில் ஐந்தாமிடம் எய்திற்று என்பதை மறைத்தலாகாது. அவரே 1994-இல் புளூஸ் பாட்டுகளை மட்டும் திரட்டி வெளியிட்ட தொகுதி மிக நல்லதென்பதையும் சொல்லுதல் நீதி.

புதல்வனுடைய உரிமைகள் முறையறியாது கைமாறின என்று முதுமையடைந்த ஆல் ஹெண்ட்ரிக்ஸ் 1993-இல் வழக்குத் தொடுத்து, 1995-இல் அவற்றை மீளப் பெற்றார். துடைப்பத்தைக் கித்தாராகப் பாவித்த சிறுவனுக்கு உண்மைக் கித்தார் வாங்கிக் கொடுத்தவர் கையிலே நாடாக்கள் இருபத்தைந்து ஆண்டு கழித்து வந்து சேர்ந்தன. குடும்பத்தார் ஒரு கம்பெனி நிறுவிக் கிரேமரை மீண்டும் அழைத்தனர். 1997-இல் அவர் கைப்பட எழுதிய குறிப்பைத் தழுவி, முற்றுப்பெறாத அவ்விரட்டைத் தொகுதி கூடியமட்டும் அவர் எண்ணியவாறு வெளிவந்தது. தகப்பனார் 2002-இல் இறந்தார். பின்னர்க் குடும்பத்துக்குள்ளும் வழக்கு நேர்ந்து, இளைய சகோதரர் தோல்வியுற்றார். அதனை விரித்துரைத்தலில் பயனில்லை.

இனி, தொடக்கத்திற் கூறிய 2010-ஆம் ஆண்டுத் தொகுதிக்கு வருவாம். அதன் மேலட்டையில் ஹெண்ட்ரிக்ஸ் இளமையில் தீட்டிய நீர்வண்ணச் சித்திரமும் சேர்ந்துள்ளது. உள்ளிருப்பவையோ ஒரு தன்மையன அல்ல. தொகுதிக்குப் பெயர்தந்த பாட்டு, 1969 செப்டம்பரிலும் 1970 மே மாதத்திலும் வாசித்த இரண்டு வாசிப்புகளை இணைத்தது; இரண்டும் அவருடையனவே எனினும், இணைத்த கை அவருடையதன்று. ஒரு பழைய பாட்டை 1969-இல் புதுப்பித்தபோது ரெடிங்குக்குப் பதிலாகக் காக்ஸ் வாசித்தார். மூன்று பாட்டுகளில் மிச்செலும் ரெடிங்கும், சாண்ட்லர் வேண்டுகோளின்படி, 1987-இல் டிரம்மும் பாஸும் புதிதாக வாசித்துச் சேர்த்திருக்கின்றனர். அவர்கள் அந்நியரல்லர்; ஆனால் அவர்களுக்கும் அப்பொழுது வயது நாற்பது கடந்திருந்தது. 26 வயதினராகப் பாடும் நண்பருக்கு, பதினெட்டாண்டு மூத்த கைகள் தாளமிட்டன. இதனை டக்ளஸ் செய்ததோடு ஒப்பிடல் பொருந்தாது என்பர் சிலர். ஒரு பாட்டை நாற்பது தடவை வாசித்தும் மனம் நிறையாதவர் இவற்றுள் எதனை வெளியிட இசைந்திருப்பார் என்ற கேள்வி எம்மை விட்டு நீங்கவில்லை. இசைந்திரார் என்றே தோன்றுகின்றது. எனினும் வெளியிடாதொழிந்திருந்தால் இழப்பு நமதேயாம் என்பதும் மெய்.

பாட்டுகளுள் எமக்கு மிக உவப்பானது ‘ரெட் ஹவுஸ்’ என்பது. மாறாத பழைய பன்னிரு தாளக்கட்டுப் புளூஸ். 1969 பிப்ரவரி மாதத்தில் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் இரு கச்சேரிகள் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றிற்கு ஒத்திகை பார்க்கும்பொருட்டு மூவரும் ஒலிம்பிக் சாலையிற் கூடி வாசித்தபோது பதிவானது. அப்பொழுது குழுவினர்க்குள் மனக்கசப்பு முதிர்ந்திருந்தது. நான்கு மாதத்திற் பிரியப்போகின்றவர்கள். ஆயினும் எட்டு நிமிஷத்திற்கு மேலாக ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கின்றனர். கித்தார் தாழ்ந்து பேசுமிடத்தில் மிச்செல் கையடக்கி நிற்கின்றார். ரெடிங் அடியில் மெல்ல நடந்துகொண்டே இருக்கின்றார். சபையில்லை, கைதட்டலில்லை. இத்தொகுதி வெளிவருவதற்குமுன் ரெடிங் 2003-இலும் மிச்செல் 2008-இலும் மறைந்தனர். அவர்கள் தம் உரிமைகளைச் சொற்ப தொகைக்கு முன்னரே விட்டுக்கொடுத்திருந்தனர். வாரிசுரிமை பெற்றோர் பின்னர் இலண்டன் நீதிமன்றத்தை நாடினர். அந்நாடாவில் மட்டும் மூவர் தடமும் ஒருவர்க்கொருவர் குறையாமல் அருகருகே ஓடுகின்றன.